நாற்பத்தொரு ராஜினாமாக் கடிதங்கள்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் நாற்பத்தொரு பேருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதில் ஒன்று என்னுடையது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. சேருகிற அன்றைக்கே யாராவது விலகுவார்களா என்று கேட்கிறார்கள். விலக மாட்டார்கள், எழுதி மட்டும் கொடுப்பார்கள். தேதி போடுகிற இடத்தைக் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனிக்கு என்றைக்குத் தேவையோ அன்றைக்கு அவர்கள் தேதியை நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் கம்பெனியில் அதுதான் வழக்கம்.

கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்புகிற கம்பெனி. லைனில் நிற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பையும் டிப்ளமோ சான்றிதழுமாக வந்த நான், படப்பையில் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டேன். எனக்குக் கிடைத்தது ஒரு வருடத்துக்கான வேலை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். நிரந்தரக்காரர்களுக்கு அடையாள அட்டையின் நாடா நீலம், எங்களுக்குப் பச்சை. கேன்டீன் வரிசையில் நாடாவைப் பார்த்தே யார் யாரிடம் எப்படிப் பேசுவது என்று முடிவாகிவிடும்.

அந்த முதல் நாள் எங்களைப் பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். எச்.ஆர். மேடம் வெள்ளைப் பலகையில் நான்கு வரி எழுதினார். “சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை” என்று போகும். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. அப்படியே பாத்து எழுதுங்க, தேதி மட்டும் போட வேணாம்” என்றார். எல்லோரும் குனிந்து எழுதினோம். மேடம் ஒவ்வொரு வரிசையாக வந்தவர் என் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரும்மா இது, பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு! நீயே எல்லாருக்கும் எழுதிடு. ஒரே மாதிரி நீட்டா இருக்கும். அவங்க சைன் மட்டும் போடட்டும்.”

எனக்குத் தனி மேஜை போட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே. டீ வந்தது, கூடவே இரண்டு பிஸ்கெட். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் வாங்கிய டிபன் பாக்ஸுக்குப் பிறகு என் எழுத்தை யாராவது மெச்சியது அன்றைக்குத்தான். பெருமை தாங்கவில்லை எனக்கு. எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் சின்னதாக ஓர் எண் போட்டு வட்டமிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தொன்று வரை. யாரும் போடச் சொல்லவில்லை. அது என் அதிகப்பிரசங்கித்தனம். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அவளை அன்றைக்கு யாராவது போனில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம்.

பதினேழாவது தாளுக்கு வந்து நின்றவளைத்தான் பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பதை நெருங்கும் வயது. எங்கள் கூட்டத்தில் அவள்தான் மூத்தவள், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளும் அவள்தான்.

“படிக்கச் சொன்னா படிச்சிடுவேன். எழுதச் சொன்னாத்தான் கை இழுத்துக்கும்” என்றாள். பெயரை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போட்டாள். “இன்னா எழுதிகீற இதுல?”

“ஃபார்மாலிட்டிதாங்க்கா” என்றேன்.

லைனில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துப் பலகை. பன்னிரண்டு கொத்து வயர்களை ஆணிகளில் மாட்டி டேப் சுற்ற வேண்டும். ஷிப்டு முழுக்க நின்றபடிதான் வேலை. நான் மாட்டுவேன், அவள் சுற்றுவாள். அவள் சுற்றிய டேப்பில் மடிப்பே விழாது. கிருத்திகைக்குக் கிருத்திகை கோயிலுக்குப் போய்விட்டு வந்து எல்லோர் நெற்றியிலும் விபூதி இழுப்பாள். வேண்டாம் என்கிறவளின் நெற்றியிலும் சேர்த்துத்தான். வாய் ஓயாது. லைன் லீடரைக்கூட “இன்னா சார், காலைல நாஸ்தா துன்னலயா, மூஞ்சி இப்டி கீது” என்று கேட்டுவிடுவாள். எனக்கு அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. காய்ச்சல் வந்து கிடந்தபோது இரண்டு பஸ் மாறி வந்து ரசம் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்.

ஒரு வருடம் முடிந்தது. எங்கள் இருவருக்கும் இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். புதிதாக ராஜினாமாக் கடிதம் கேட்கவில்லை. பழையதுதான் கெடாமல் கோப்பில் இருந்ததே.

இரண்டாம் வருடம் பாதி தாண்டியபோது அக்காவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியது. டேப் சுற்றிச் சுற்றி வந்த வினை. இ.எஸ்.ஐ. டாக்டர் கைக்கு இரண்டு மாதம் கடின வேலை கொடுக்க வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுபோய் எச்.ஆரில் நீட்டினாள். நான்கு நாள் கழித்து, காலை ஷிப்டுக்கு வாசலில் அட்டையை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். செக்யூரிட்டி கணினியைப் பார்த்துவிட்டு, “உங்க நம்பர் ஆக்டிவா இல்லம்மா. நீங்க ரிசைன் பண்ணிட்டீங்கன்னு காட்டுது” என்றான்.

“நானா? எப்போ?” என்றாள் அக்கா.

எனக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர். ஓரமாகப் போங்கம்மா என்றார்கள். நான் என் அட்டையை வைத்தேன். பச்சை விளக்கு. உள்ளே போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுவதுதான் நியாயம்.

அவள் சும்மா இருக்கவில்லை. தண்டலத்தில் இருந்த சங்கத்துக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் பாக்கி இருக்கும்போதே காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள், திரும்ப வேலை வேண்டும் என்று மனு. முதல் விசாரணையில் கம்பெனி ஒரே ஒரு தாளை எடுத்துப் போட்டது. அவள் தானாக விரும்பி விலகினாள், இதோ கடிதம், இதோ கையெழுத்து. கீழே தேதி. டாக்டர் சீட்டு கொடுத்ததற்கு மறுநாள்.

அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து படப்பை பஸ் ஸ்டாப்பில் என்னிடம் காட்டினாள். “இத்த நான் எப்போ குட்தேன்? எனுக்கு எழுதவே வராதே. யாரோ எழுதி என் சைனப் போட்டுகீறாங்க. நீயே பாரு.”

பார்த்தேன். என் எழுத்து. வலது மூலையில் வட்டத்துக்குள் பதினேழு. இரண்டு வருடம் ஆகப்போகிறது, முதல் நாள் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. யாருக்குத்தான் இருக்கும்? தேதி மட்டும் வேறு பேனா, வேறு கை. அந்தத் தாள் சேர்ந்த அன்றைக்கே எழுதியது என்பதை அந்த எண்ணை வைத்து நிரூபிக்கலாம். அது என்ன எண் என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

“நான் எழுதினதுதாங்க்கா” என்றேன் கடைசியில். “சேர்ந்த அன்னைக்கு. எல்லாருக்கும் எழுதுனேம்லா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அப்போ நீ வந்து சொல்லு. அது போதும்” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

சங்கத்துக்காரர் என்னைத் தேடி ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தார். தேய்ந்த ரெக்சின் பை, அதற்குள் எத்தனையோ பேருடைய கோப்புகள். அவர் நயந்து பேசவில்லை. “நீ சாட்சி சொன்னா அந்தம்மாவுக்கு வேலை கிடைக்க வாய்ப்பு இருக்கு. உன்னோட காண்ட்ராக்ட் நாலு மாசத்துல முடியுது. அவங்க உன்னை ஒண்ணும் பண்ண வேணாம், புதுப்பிக்காம விட்டாலே போதும். நான் உங்கிட்ட பொய் சொல்லக் கூடாது பாரு” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஊரில் தங்கையின் நர்சிங் படிப்பு என் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு முதுகு போய் இரண்டு வருடம். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவர் பையில் இருந்த எல்லாக் கோப்புகளிலும் இப்படி ஒரு தங்கையும் ஓர் அப்பாவும் இருந்திருப்பார்கள்.

யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. தொழிலாளர் அலுவலகத்தின் புண்ணியம். ஒரு முறை கம்பெனித் தரப்பு வரவில்லை. ஒரு முறை அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு முறை கோப்பு கிடைக்கவில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா. முதல் தடவை அக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி புதுப் புடவை கட்டிப் போனாள். மூன்றாம் தடவை வீட்டுப் புடவை. “அங்க ஒரு பெஞ்சு கீது. அது என்னுத மாரியே ஆயிட்ச்சு” என்று போனில் சொன்னாள். என்னை ஒரு தடவைகூட வா என்று வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பதில் பேசிச் சண்டை போட்டு விலகியிருப்பேன்.

நான் தைரியசாலி இல்லை. கடைசியில் என்னைக் கிளப்பியது எரிச்சல். ஒருநாள் லைன் லீடர் வந்து, மேடம் கூப்பிடுவதாகச் சொன்னார். பயந்துகொண்டே போனேன். பயிற்சிக் கூடத்தில் புதிய கூட்டம், எல்லோரும் இருபது வயதுப் பெண்கள். மேடம் சிரித்தார். “வாம்மா. நம்ம லெட்டர்தான். உன் எழுத்துதான் எனக்குப் பிடிக்கும்.” அக்காவின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே! எழுதியது நான் என்று அவருக்கு மறந்துவிட்டதா, அல்லது என்னால் என்ன ஆகிவிடும் என்கிற அலட்சியமா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதே மேஜை, அதே மின்விசிறி. டீ வந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஆமாம், எழுதினேன். பத்துத் தாள் எழுதியிருப்பேன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சில் ஒருத்தி, “அக்கா, இது எதுக்கு எழுதுதோம்?” என்றாள்.

“ஃபார்மாலிட்டி” என்றேன். சொன்ன உடனே என் வாயையே அறைய வேண்டும்போல இருந்தது. கை வலிக்கிறது மேடம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அன்று மாலையே சங்கத்துக்காரருக்குப் போன் செய்தேன்.

அடுத்த விசாரணைக்கு வயிற்று வலி என்று விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அக்கா சொன்ன பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடம் கோப்போடு வந்தார். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. “நீ எங்கம்மா இங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்குத் துரோகம் செய்கிறோம் என்றே புரியாத ஒரு வெட்கம்.

அதிகாரி களைத்த மனிதர். மேஜையில் கோப்புகள் அவர் மோவாய் வரை அடுக்கியிருந்தன. கடிதத்தை என் முன் தள்ளினார்.

“இது உன் எழுத்தாம்மா?”

“ஆமா சார்.”

“எப்ப எழுதினே?”

“வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு சார். நாப்பத்தொரு பேருக்கு எழுதுனேன். எண்ணிக்கைக்காக மூலையில நம்பர் போட்டேன். அவங்க பதினேழு.”

மேடம், “சார், இந்தப் பொண்ணு அவங்களுக்குத் தோழி” என்றார். அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “அந்தக் கடிதத்தைப் பார்க்காம இதுல எழுது” என்றார். நான்கு வரியையும் நிறுத்தாமல் எழுதினேன். எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் மூலையில் எண் போடவும் கை போனது. அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மேடத்திடம், “மீதி நாற்பதும் உங்க கிட்ட இருக்குமே. அடுத்த தடவை கொண்டு வாங்க” என்றார். “உன்னை யாராவது கட்டாயப்படுத்தி எழுத வச்சாங்களா?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். டீ கொடுத்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனி அந்த நாற்பதையும் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக, அக்காவைப் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், மனுவைத் திரும்பப் பெறட்டும் என்றது. அவளை நிறுத்தியது சரியா தப்பா என்று எங்கேயும் எழுதாமல், இரு தரப்பும் சமரசம் என்று முடித்தார்கள். அக்கா போனிலேயே அழுதாள். “நீ நல்லா இருக்கணும்டி. வல்லக்கோட்ட முருகன் உனுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்.” எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதேன். அந்த ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு வாரம் கழித்து என் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு வரிக் கடிதம் வந்தது. காலம் முடிவடைகிறது, தங்கள் சேவைக்கு நன்றி. சங்கத்துக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுல ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பாதியில நிறுத்தியிருந்தா கேக்கலாம். இது தானா முடிஞ்சது.” தானா முடிந்தது. செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அவரோடு சண்டை போடத் தோன்றியது, ஆனால் அவர் முதலிலேயே சொன்னவர். படப்பையிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலைக்குப் போனேன். தங்கை ஒரு செமஸ்டரைத் தள்ளிப் போட்டாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிட்டார்.

கம்பெனி இழுத்தடித்து ஒருவழியாக அக்காவைச் சேரச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், ஞாயிறு மத்தியானம், என் அறைக்கு வந்தாள். கையில் பிரியாணிப் பொட்டலம். சாப்பிட்டு முடித்தோம். கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து நான்கைந்து வெள்ளைத் தாளும் ஒரு புதுப் பேனாவும் எடுத்து வைத்தாள்.

“இன்னா சொல்றதுன்னு தெர்ல. நாளிக்கி சேரும்போது அந்த லெட்டரு கேக்குறாங்கோ. இப்போ ரூல்ஸ மாத்திட்டாங்களாம். அவங்கவங்க கையாலதான் எழுதணுமாம். வேற யாரும் எழுதக் கூடாதாம். மூலைல நம்பர் கிம்பர் எதுவும் இருக்கக் கூடாதாம்.”

என் சாட்சியால் நடந்தது இவ்வளவுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போய் ஓட்டையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் அடைத்துக்கொண்டார்கள்.

“எழுதாதீங்கக்கா” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “இதுக்காக்கா நாம அங்க போயி உக்காந்தோம்? சங்கத்துல சொல்லுங்க. முடியாதுன்னு சொல்லுங்க.”

“சொல்லிகினு? மறுக்கா அந்தப் பெஞ்சுல குந்திகினு இருக்கணுமா? நாளிக்கி கார்டு வாங்கணும்மா எனுக்கு. என்னால முடியலடி.” மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “உனுக்கு வேல போச்சே, உங்கிட்டயே வந்து இத்தக் கேக்கறேனேன்னு எனுக்கும் அசிங்கமாத்தான் கீது. ஆனா வேற யார்கிட்ட போவேன்?”

கோபம் எனக்கு யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் மேலும் இருந்தது. என் வேலை போய், அவள் வேலை கிடைத்து, அந்த வேலையைக் கொண்டுபோய் முதல் நாளே அவர்கள் கையில் திருப்பிக் கொடுக்கிறாளே என்கிற வயிற்றெரிச்சல். இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நாளைக் காலையில் பச்சை விளக்கு எரிய வேண்டும் அவளுக்கு. அதுவும் தெரிந்தே இருந்தது.

ஒரு தாளை எடுத்து நான்கு வரியையும் மாதிரிக்கு எழுதினேன். பெரிய எழுத்தில், இடம் விட்டு விட்டு. அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தாளைப் பலகையில் வைத்து, பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினாள். வீக்கம் முழுசாக வற்றாத கை. ‘வற்புறுத்தலும்’ என்ற சொல்லில் இரண்டு தடவை தப்பி, தாளைக் கசக்கிப் போட்டாள். மூன்றாவது தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரி கோணலாக இறங்கிப் போயிருந்தது. பெயரை வரைந்து முடித்து, பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“தேதி இருக்கற எடத்த வுட்டுடணும், இல்ல?”

“ஆமாக்கா” என்றேன். “அத விட்டுருங்க.”